அண்டாவில் நாலு பிளக்கு

"போச்சு" என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. மழையில் அவர் வீட்டுப் பக்கச் சுவர் இடிந்து விழுந்தபோது தெருவே திரண்டு போய் உச்சுக் கொட்டியது. அவர் மட்டும் மற்ற மூன்று சுவர்களையும் தட்டிப் பார்த்துவிட்டு, "இருக்கு, இன்னும் இருக்கு" என்றார். தலையில் எண்ணக்கூடிய அளவே மயிர் மிஞ்சியிருந்த காலத்திலும் சட்டைப் பையில் சீப்பு வைத்திருந்தார். கேலி செய்தவர்களிடம் அந்தச் சீப்பை எடுத்துக் காட்டி அதையே சொல்வார்.

பெங்களூர் நீலசந்திராவில் எங்கள் எதிர்வீட்டுக்காரர். யுத்தத்துக்கு முந்திய வருஷங்கள் அவை. ஆனேக்கல் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து காய்கறி ஏற்றிவந்து கண்டோன்மென்ட் மார்க்கெட்டில் இறக்குவது அவர் தொழில். அதற்கென்று ஒரு மோட்டார் வண்டி வைத்திருந்தார். வண்டி என்று நான் சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். ஒரு காலத்தில் யாரோ காப்பித் தோட்டத்துத் துரை சவாரி போன கார் அது. பிறகு கை மாறிக் கை மாறி, பின்பாதி அறுபட்டு, அந்த இடத்தில் பலகை அடித்து, முன்னால் துரையும் பின்னால் கூலியுமாக ஒரு உருவம் எடுத்து அவரிடம் வந்து சேர்ந்திருந்தது. ஓடிய மைல்களைக் காட்டும் எண்கள் எப்போதோ நின்றுவிட்டன. கேட்டால், "எண்ணறதுக்கு அதுக்கு அலுப்பு. ஓடறதுக்கு வண்டிக்கு அலுப்பு இல்லியே" என்பார்.

அலுப்பு இருந்தது. அந்த எஞ்சின் பெட்ரோல் குடித்ததோடு நிற்காமல் எண்ணெயையும் குடித்தது. குடித்த எண்ணெய் மேலே ஏறி பிளக்குகளில் கரியாகப் படிந்துவிடும். பிளக்கு என்றால் விரல் நீளத்தில், இடுப்பில் வெள்ளைப் பீங்கான் கட்டிய ஒரு இரும்புத் துண்டு. எஞ்சினின் தலையில் நாலு இருக்கும். அவற்றின் நுனியில் பொறி தெறித்தால்தான் பெட்ரோல் பற்றும், வண்டி ஓடும். கரி படிந்தால் பொறி வராது. இவ்வளவும் எனக்குத் தெரிந்ததற்குக் காரணம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் வாசலுக்கு நேரே நடந்த அந்த வைபவம்தான்.

நாலு பிளக்குகளையும் கழற்றி எடுத்து வந்து கும்மட்டி அடுப்பின் தணலில் போட்டு, கடலை வறுப்பதுபோலப் புரட்டுவார். கரி எரிந்ததும் உப்புத்தாளால் தேய்ப்பார். நுனியில் இருக்கும் இடைவெளிக்குள் பழைய பிளேடு ஒன்றை நுழைத்து இழுப்பார். பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொன்றையும் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். வேறு யாராக இருந்தாலும் குப்பையில் எறிந்துவிட்டுப் புதிது வாங்கியிருப்பார்கள். இவர் முகம் மலரும். "இருக்கு. இன்னும் இருக்கு."

பொறி வருகிறதா என்று சோதிக்கும்போது அவ்வப்போது அவருக்கே மின்சாரம் அடிக்கும். "அப்பாடி!" என்று கையை உதறிவிட்டுச் சிரிப்பார். ஒரு ஞாயிறு என் அப்பா முழங்கால் வலி என்று முனகிக்கொண்டே அந்தப் பக்கம் போனார். அப்பா சர்க்கார் அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவர். எதிலும் ஒரு ஒழுங்கு பார்ப்பவர். "இதைக் கொஞ்சம் புடிங்க அண்ணாத்தே" என்று பிளக்கை அவர் கையில் கொடுத்துவிட்டு, இவர் எஞ்சினைச் சுழற்றினார். அப்பா ஒரே தாவலில் சாக்கடையைத் தாண்டி எங்கள் வீட்டுப் படியில் நின்றார்.

"யோவ், ஆளைக் கொல்லப் பாக்கறியா?"

"முழங்கால் எப்படி இருக்கு, அத்த சொல்லுங்க."

அப்பா காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். வலி இல்லை. அடுத்த ஞாயிறு வாதக்காரர்கள் வரிசையாக வந்து நின்றார்கள். ஒருத்தி தேங்காய் பழத்தோடு வந்துவிட்டாள். அவர் அந்தப் பழத்தை உரித்துத் தின்றுகொண்டே எல்லோருக்கும் மின்சாரம் கொடுத்தார். வண்டி அன்று மார்க்கெட்டுக்குப் போகவே இல்லை.

இவ்வளவு சந்தோஷமான மனிதரோடு நான் ஒரு முழு மழைக்காலம் பேசாமல் இருந்தேன். காரணம் சொல்கிறேன்.

நான் அப்போது ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். என் வயதைச் சொல்ல வேண்டிய இடங்களில் அம்மா குரலைத் தணித்துக்கொள்வாள். அதுவரை ஒரே ஒரு சம்பந்தம் பரிசம் போடும் அளவுக்கு வந்திருந்தது. வந்த மாப்பிள்ளை வீட்டாரின் மாட்டு வண்டி, எங்கள் தெருமுனையில் அச்சு முறிந்து உட்கார்ந்தது. தடங்கல், சகுனம் சரியில்லை என்று அவர்கள் தெருமுனையிலிருந்தே திரும்பிவிட்டார்கள். அதோடு என் பேர் சகுனம் சரியில்லாத பெண் என்று ஆகிவிட்டது. அச்சு அவர்களுடையது, பேர் எனக்கு.

ஒரு ஞாயிறு அம்மா அவர் எதிரில் நின்று இதைச் சொல்லி மூக்கைச் சிந்தினாள். அவர் அப்போது ஒரு பிளக்கை வெயிலில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தவாறே, "டீச்சரம்மாவுக்கு இன்னாம்மா கொறச்சல்? இருக்கு, இன்னும் இருக்கு" என்றார். நான் வாசலில் கோலப் பொடிக் கிண்ணத்தோடு நிற்கிறேன். என்னைப் பார்த்துச் சொன்னாரா, பிளக்கைப் பார்த்துச் சொன்னாரா? எனக்கு வந்த கோபத்தில் கிண்ணத்தை அப்படியே கவிழ்த்துவிட்டு உள்ளே போனேன்.

அவருக்கு அது கோபம் என்றே புரியவில்லை. தினமும், "இன்னா டீச்சரம்மா, ஸ்கூல் ஆயிதா?" என்று, முடிந்ததா என்பதைக் கன்னடம் கலந்து கேட்பார். நான் சுவரைப் பார்ப்பேன். அவர் நான் பதில் சொன்னதுபோலவே தலையாட்டிக்கொள்வார். கடைசியில் ஒரு நாள் ஆனேக்கல்லிலிருந்து கத்தரிக்காய் மூட்டைகளோடு ஒரு மாப்பிள்ளையையும் கொண்டுவந்தார். மாப்பிள்ளை என்றால் ஆளை அல்ல, சேதியை. அங்கே கடைவீதியில் தானியக் கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர், படித்த பெண் வேண்டும் என்கிறார், பெற்றவர்கள் இல்லை, வளர்த்த பெரியம்மா மட்டும்தான். "பெரியம்மா சொல்ப சகுனம் பாக்கும். மத்தபடி தங்கம்" என்றார்.

சொல்ப, அதாவது கொஞ்சம், என்று அவர் சொன்னது அவருடைய குணம். அந்த அம்மாள் பூனை குறுக்கே போனால் கடையையே திறக்க விடமாட்டாள் என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. இரண்டு தரம் பேசி, மூன்றாம் தரம் பூக்கட்டிப் பார்த்து, சம்மதம் சொல்லி அனுப்பினாள். கூடவே ஒரு வார்த்தையும் வந்தது. பெண்ணழைப்பு அன்று வழியில் ஒரு தடங்கல் வந்தாலும் கல்யாணம் நின்றுவிடும். அச்சு முறிந்த கதை ஆனேக்கல் வரை போயிருந்தது.

எங்கள் பக்கத்து வழக்கம், கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில். முதல் நாள் பொழுது சாய்வதற்குள் பெண்ணை அழைத்துக்கொண்டு போய்விட வேண்டும். "நம்ம வண்டி இருக்கே!" என்றார் அவர். அப்பாவின் முகம் தொங்கிப்போனது. மறுத்தால் அவர் மனம் நோகும். சம்பந்தமே அவர் கொண்டுவந்தது. அப்பா ஒரு காரியம் செய்தார். கண்டோன்மென்ட் கடைக்குப் போய் அட்டைப் பெட்டியில் நாலு புதுப் பிளக்கு வாங்கி வந்து அவர் கையில் வைத்தார்.

"பழசைத் தூக்கிப் போட்டுட்டு இதை மாட்டணும். எனக்குச் சத்தியம் பண்ணு."

"பழசு இருக்கே, அண்ணாத்தே."

"சத்தியம் பண்ணுய்யா!"

சத்தியம் பண்ணினார். பீங்கான் சாமான், எங்காவது விழுந்தால் உடைந்துவிடும் என்று பயந்து, எங்கள் முற்றத்தில் இருந்தவற்றிலேயே பத்திரமான இடமாகப் பார்த்து அந்தப் பெட்டியை வைத்தார். சீர்வரிசைக்கு வாங்கிய பித்தளை அண்டாவுக்குள். மேலே ஒரு துண்டையும் போட்டு மூடினார். அன்று மத்தியானமே அம்மா, சீர்ப் பாத்திரங்களை எல்லாம் மாட்டு வண்டியில் ஏற்றி ஆனேக்கல்லுக்கு முன்கூட்டி அனுப்பிவிட்டாள்.

மாலையில் வந்து அண்டாவைத் தேடினாரே, அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. பழசுதான் இருக்கிறதே!

மறுநாள் நான் பட்டுப்புடவையும் பூவும் ஜடைபில்லையுமாக முன் சீட்டில் ஏறினேன். பின்னால் பலகையில் ஜமுக்காளம் விரித்து அம்மா, அப்பா, சொந்தக்காரர்கள். வண்டி பாடிக்கொண்டே புறப்பட்டது. நான் அவரோடு இன்னும் சரியாகப் பேச ஆரம்பிக்கவில்லை. ஆனாலும் அவர் ஹார்னை அமுக்கி அமுக்கி ஓசூர் ரோட்டில் போகிற ஆடு மாடுகளுக்கெல்லாம் என் கல்யாணத்தை அறிவித்ததில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஹெப்பகோடி தாண்டியதும் வண்டி இருமியது. மறுபடி இருமியது. பிறகு ஒரு புளியமரத்தடியாகப் பார்த்து நின்றுகொண்டது.

அவர் மூடியைத் தூக்கினார். அப்பா ஓடிவந்து எட்டிப் பார்த்தார். உள்ளே நாலும் பழசு.

"புதுசு எங்கேய்யா?"

"இருக்கு."

"எங்கே இருக்கு?"

"அண்டாவுல."

அப்பா அப்படியே மைல்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். எனக்குத் தெருமுனையில் அச்சு முறிந்து உட்கார்ந்த அந்த மாட்டு வண்டிதான் கண்ணுக்குள் வந்து நின்றது. இந்த வண்டி வழியில் நின்றது என்ற சேதி ஆனேக்கல்லுக்குப் போனால் எல்லாம் முடிந்தது. அதற்கப்புறம் எனக்கு இன்னொரு வரன் வரப்போவதும் இல்லை.

அந்த வழியாக சைக்கிளில் ஒரு கன்னடத்துப் பால்காரர் ஆனேக்கல் பக்கம் போய்க்கொண்டிருந்தார். இவர் அவரை மறித்து, தானியக் கடை வீட்டுக்குப் போய் சீர் அண்டாவில் இருக்கும் நாலு பிளக்குகளைக் கேட்கச் சொன்னார். "வண்டி நின்னுச்சுன்னு மட்டும் சொல்லிடாதீங்க சாமி! அது வந்தாத்தான் பொண்ணு வரும்னு சொல்லுங்க, போதும். ஜல்தி!" என்று தமிழும் கன்னடமுமாக மூன்று தரம் சொல்லி அனுப்பினார்.

பால்காரர் தம் ஆயுளில் பிளக்கு என்ற பொருளைக் கண்டதில்லை. ஆனால் அதற்குப் பக்கத்தில் நிற்கும் இன்னொரு சொல்லை அவருக்கு நன்றாகத் தெரியும். பெங்களூரிலும் சுற்றுப்பக்கத்திலும் அந்தக் கொள்ளைநோயின் பேரைத் தெரியாதவர் யார்? எலி செத்து விழுந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு தோப்பில் குடிசை போட்டுக் குடியேறிய ஜனங்கள் நாங்கள். அந்த மனிதர் கல்யாண வீட்டு வாசலில் இறங்கி, பந்தலுக்கே கேட்கிற மாதிரி சொன்னாராம்:

"ஹண்டேல்லி நால்கு பிளேகு இதெயந்தெ!"

அண்டாவுக்குள் நாலு பிளேகு இருக்கிறதாம்!

பிறகு நடந்ததை என் கணவர் சொல்லித்தான் தெரியும். இதைச் சொல்ல அவருக்கு ஒருபோதும் அலுத்ததில்லை. பந்தலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் மரத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஒரு குடும்பம் பாயைச் சுருட்டிக்கொண்டு தோப்புக்குக் கிளம்பியே விட்டது. தானியக் கடை வீடு, எலிக்குக் குறைவில்லை. பெரியம்மா தலைகால் புரியாமல், துரட்டியால் அண்டாவைக் கொக்கி போட்டு இழுத்து, தெருவோடு உருட்டி ஏரிக்கரையில் கொண்டுபோய் விட்டாள். வேப்பிலைப் புகை போட்டார்கள். உள்ளே எலி இருந்தால் வெளியே வரட்டும் என்று ஆளுக்கு ஒரு பக்கம் உலக்கையால் அண்டாவைச் சாத்தினார்கள். எலி வரவில்லை.

மாப்பிள்ளை மட்டும் பால்காரரிடம் மறுபடி கேட்டார்.

"பிளேகு வந்தா பொண்ணு வராதுன்னு சொன்னாங்களா?"

"இல்ல சாமி. வந்தாத்தான் பொண்ணு வரும்னு."

இதென்ன கூத்து என்று அவர் ஒரு கணம் நின்றார். பிறகு எல்லோரும் கூச்சல் போடப் போட, போய் அண்டாவுக்குள் கையை விட்டார். கையில் வந்தது ஒரு அட்டைப் பெட்டி. பயமாக இல்லையா என்று பின்னால் ஒரு நாள் கேட்டேன். "பயந்தான். ஆனா நீ வரணுமே" என்றார். என்னை அவர் அதுவரை ஒரே ஒரு தரம், அதுவும் குனிந்த தலையாகத்தான் பார்த்திருந்தார். அந்த வார்த்தைக்காக அவர் செய்த எத்தனையோ தப்புகளை நான் மன்னித்திருக்கிறேன்.

இங்கே புளியமரத்தடியில் எங்களுக்கு இது எதுவும் தெரியாது. எதிர்வீட்டுக்காரர் காய்ந்த சுள்ளிகளைக் கூட்டி நெருப்பு மூட்டி, பழைய பிளக்குகளை வறுத்துக்கொண்டிருந்தார். எனக்குச் சும்மா உட்கார்ந்து அழப் பிடிக்கவில்லை. இறங்கிப் போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன். ஆறிய பிளக்கு ஒன்றை எடுத்து, தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவி, அதன் இடுக்கில் ஏறியிருந்த கரியைச் சுரண்ட ஆரம்பித்தேன். "ஐயோ, பட்டுப்புடவை!" என்று அம்மா கத்தினாள்.

"வுடும்மா. டீச்சரம்மா கை நல்லா வருது" என்றார் அவர்.

"அண்ணே, இதுல இன்னும் இருக்குதா?" என்று கேட்டேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது. அவர் அதை வாங்கி, ஒரு கண்ணை மூடி, வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

"உன் கையால சொரண்டினதாச்சே, இல்லாம எங்க போவும்?"

அப்போதுதான் தூரத்தில் சைக்கிள் தெரிந்தது. ஏறி வந்தவரின் கழுத்தில் கற்பூர முடிச்சு, சட்டைப் பையில் வேப்பிலைக் கொத்து, காதிலும் ஒன்று. எல்லாம் பெரியம்மா செருகியவை. பிளக்கு என்று தெரிந்த பிறகும் பேர் ஒத்துப்போகிறதே என்று அவளுக்குச் சந்தேகம். மாப்பிள்ளை சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு நேரே என்னிடம் வந்தார். என் கைகளைப் பார்த்ததும் பேயறைந்தது போல நின்றுவிட்டார்.

"கையில என்ன, கருப்பு கருப்பா?"

"கரி" என்றேன்.

கரிதான் என்று காட்ட, ஈரப் புல்லில் தேய்த்துக் காட்டினேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். கல்யாணத்துக்கு முதல் நாள் நடுரோட்டில் பெண்ணும் மாப்பிள்ளையும் பார்த்துச் சிரிப்பதா என்று அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பெட்டியைப் பிரித்தால், உலக்கை அடியில் ஒரு பிளக்கின் பீங்கான் இரண்டாக விரிசல் விட்டிருந்தது. மூன்றுதான் முழுசு. நாலு இல்லாமல் அந்த எஞ்சின் வண்டியை இழுக்காது. அப்பா மறுபடி மைல்கல்லைத் தேடினார். இவர் பழசு நாலையும் ஒவ்வொன்றாக எஞ்சின்மேல் வைத்துச் சோதித்தார். முதல் மூன்றில் சுத்தமாகப் பொறி இல்லை. நாலாவது, நான் கொண்டை ஊசியால் சுரண்டியது. படக்கென்று நீலமாக ஒரு பொறி தெறித்தது. கூடவே அவர் கையிலும் அடித்தது. "அப்பாடி!" என்று குதித்துக்கொண்டே சொன்னார்:

"பாத்தீங்களா மாப்ளே! மூணு புதுசு வந்தாலும் இந்தப் பழசு இல்லாம வண்டி போவாது."

இந்தத் தடவை அவர் யாரைப் பார்த்துச் சொன்னார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கோபமும் வரவில்லை. வண்டி ஒரே சுழற்றில் கிளம்பியது.

ஊர் எல்லையில் பெரியம்மா ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தாள். வண்டி ஓட்டிவந்த இவர் இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு, வண்டி வழியில் நின்றதை மறைக்காமல் சொல்லிவிட்டார். பெரியம்மா எங்களை ஒவ்வொருவராக உற்றுப் பார்த்தாள். என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள், கட்டி இல்லை. நெற்றியில் கை வைத்தாள், சூடு இல்லை.

"வண்டிதானே நின்னுச்சு?" என்றாள். "வேற ஒண்ணும் இல்லியே?"

"வேற ஒண்ணும் இல்லம்மா."

"நிக்கட்டும்! நல்லா நிக்கட்டும்! வண்டின்னா நிக்கத்தான் செய்யும். மாரியம்மா, என் வயித்துல பால வார்த்தியே!" என்று அழுதுகொண்டே எனக்கு ஆரத்தி எடுத்தாள். எடுத்தவள், அப்படியே வண்டிக்கும் ஒரு சுற்று சுற்றினாள். தடங்கல் என்ற சொல்லை அன்று யாரும் உச்சரிக்கவில்லை. அந்த ஒடுங்கிய அண்டாவில்தான் மறுநாள் பந்திக்குச் சாம்பார் வைத்தார்கள்.

சில வருஷம் கழித்து அவர் வண்டியை விற்றார். நான் என் இரண்டாவது குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா வீட்டு வாசலில் நின்றிருந்தேன். வாங்க வந்தவர் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இன்னாய்யா இது, மூணு ஒரு ஜாதி, ஒண்ணு மட்டும் வேற ஜாதியா இருக்குது? இந்தக் கெழத்த ஏன் இன்னும் வெச்சிருக்கே?"

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நான் தெருவின் இந்தப் பக்கத்திலிருந்தே சொல்லிவிட்டேன்:

"இருக்கட்டும் சாமி, அதைக் கழட்டாதீங்க. இன்னும் இருக்கு!"